குறைத்துச் சொன்ன சிப்பிகள்

எங்கள் பழவேற்காட்டு ஏரியில் இரண்டு கேள்விகளுக்கு யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். ஒன்று, "எங்க போற?" இன்னொன்று, "மீன் கீதா?" முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் போகிற காரியம் கெடும். இரண்டாவதற்கு உண்மை சொன்னால் மறுநாள் வலை காலியாக வரும். படகு விளிம்பு வரைக்கும் இறால் கிடந்தாலும், "இன்னாத்த, கொழம்புக்குக் கீது" என்றுதான் சொல்வோம். கேட்டவனுக்கும் தெரியும். குழம்புக்கு என்றால் ஒரு கூடை. "ஏதோ கீது" என்றால் இரண்டு கூடை. "ஒண்ணுமே இல்லப்பா, வெறும் பாசி" என்று ஒருவன் தலையில் அடித்துக்கொண்டால் அன்றைக்கு அவன் வீட்டில் பண்டிகை. இதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. செருப்பை வாசலில் விட்டு உள்ளே போவது மாதிரி ஒரு பழக்கம்.

இந்தப் பழக்கத்தால் நான் ஒருத்தியை இழந்தேன். இழந்தேன் என்று சொல்வதும் தப்பு. அவள் செத்துவிடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள், கடலுக்கு அந்தப் பக்கம், மட்டக்களப்பில். அவளை நேரில் பார்க்க எனக்கு ஒரே ஒரு வழி திறந்திருந்தது. அதை என் வாயாலேயே நான் அடைத்தேன்.

நான் பசியாவரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பத்தாவது வரை படித்தவள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது என் வேலை. பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி உண்டு. அதைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் தண்ணீரில் நடக்க வேண்டும். வாயில் பறி இருக்கும்போது பேச முடியாது. அதனால் கரை ஏறியதும் சேர்த்து வைத்துப் பேசுவேன். என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காவல் வேலைக்குப் போகிறார். அவர் பேசுகிற ஆளே இல்லை. அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவேன் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான், பேசுவேன். யாராவது ஒருத்தர் பேச வேண்டாமா?

சில வருடங்களுக்கு முன் எங்கள் சமுதாயக்கூடத்துக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். நல்ல உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. கூடவே சென்னையிலிருந்து ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண். எதைச் சொன்னாலும் பலகையில் எழுதிக் காட்டியதால் அவளுக்கு 'டீச்சர்' என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். மூன்று நாடுகள் சேர்ந்து செய்கிற வேலை இது என்று டீச்சர் சொன்னாள். வெள்ளைக்கார அம்மாவின் நாட்டில் கடலோரம் முழுக்க ஒரு காலத்தில் சிப்பித் திட்டுகள் இருந்தனவாம். தின்றும், வாரி எடுத்தும், அவருடைய தாத்தா பிறப்பதற்கு முன்பே ஒன்று மிச்சமில்லாமல் தீர்த்துவிட்டார்களாம். இப்போது கோடிக்கணக்கில் செலவழித்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கிறார்கள். உங்களிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது போவதற்கு முன் பெருக்குவோம் என்பதுதான் விஷயம். சிப்பி இருந்தால் தண்ணீர் தெளியும், அதன் இடுக்குகளில் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளரும். இதெல்லாம் எங்கள் கைக்கே தெரியும், இருந்தாலும் மரியாதைக்குத் தலையாட்டினோம்.

எங்களில் ஒருத்தி மட்டும் சும்மா இருக்கவில்லை. "முந்தி வந்த வெள்ளக்காரங்க கோட்டையைக் கட்டி, அப்பால கல்லறையும் கட்டிக்கினு படுத்துட்டாங்க. இந்தம்மா இன்னா கட்டப் போவுதாம், கேளு டீச்சர்" என்றாள். டீச்சர் மொழிபெயர்க்கத் தயங்கினாள். வெள்ளைக்கார அம்மா விடவில்லை, என்ன என்ன என்று தோளைத் தட்டிக் கேட்டார். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "மாலை கட்டுவேன்" என்றார்.

மாலைதான் கட்டினோம். கரையில் குவிந்து கிடந்த பழைய சிப்பி ஓடுகளைப் பொறுக்கி, நடுவில் ஓட்டை போட்டு, நைலான் கயிற்றில் கோத்து, சவுக்குக் கம்புகளில் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். ஏரியில் மிதந்து அலைகிற சிப்பிக் குஞ்சு பழைய ஓடு கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். விரல் நகம் அளவு இருக்கும். ஒவ்வொரு அமாவாசையன்று காலையிலும் சில ஓடுகளை எடுத்து, எத்தனை ஒட்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும். அதே நாளில், அதே மாதிரி மாலைகளை மட்டக்களப்பிலும் அங்கத்துப் பெண்கள் எண்ணுவார்கள். அவர்கள் ஏரியை வாவி என்கிறார்கள். இரண்டு எண்ணிக்கையும் வெள்ளைக்கார அம்மாவின் நாட்டுக்குப் போகும்.

எண்ணுகிற பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று அன்றைக்கு ஒரு பேச்சு வந்தது. மற்ற ஊர்களில் படித்தவர்கள் எண்ணுவார்களாம். வெள்ளைக்கார அம்மா வேண்டாம் என்றார். "தினமும் அந்தச் சேற்றைத் தொடுகிறவர்கள்தான் எண்ண வேண்டும். நீங்கள் சொல்கிற எண்ணை நாங்கள் மாற்ற மாட்டோம்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்களை நம்பி யாரும் அதுவரை எதையும் கொடுத்ததில்லை. ரேஷன் கடையில்கூட இரண்டு தடவை கைரேகை வைக்கச் சொல்கிற ஊர் இது.

மூன்றாம் வருடம் ஒரு பயணமும் உண்டு என்று அன்றே சொல்லிவிட்டார்கள். வாவிப் பெண்கள் பத்து நாள் இங்கே வருவார்கள், பிறகு நாங்கள் பத்து நாள் அங்கே போவோம். நான் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். அவளைத் தெரியாத காலம் அது.

முதல் அமாவாசை. எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் பக்கம் நான், அவர்கள் பக்கம் அவள். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சவுக்குக் கம்பில் கட்டி, ஸ்பீக்கரில் வைத்தேன். "அக்கா, கேக்குதா? இஞ்ச காத்து கூடவா இருக்கு" என்று ஒரு குரல். நான் என்னவோ பெரிய அதிகாரி பேசப் போகிறார் என்று முந்தானையை எல்லாம் சரிசெய்துகொண்டு நின்றிருந்தேன். "கேக்குதும்மா, நல்லா கேக்குது. நீ இன்னா தண்ணியிலயா நிக்கிற?" என்றேன். "ஓம் அக்கா, இடுப்பு மட்டும் தண்ணி" என்றாள். நானும் இடுப்பளவுத் தண்ணீரில்தான் நின்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு போனை நாங்கள் அணைத்ததே இல்லை. எண்ணிக்கை சொல்ல இரண்டு நிமிஷம் போதும். எண்ணுகிற இரண்டு மணி நேரமும் நாங்கள் தொடர்பிலேயே இருப்போம். அவள் தண்ணீர் அசைவது எனக்குக் கேட்கும், என் தண்ணீர் அவளுக்கு. நடுநடுவே பேச்சு. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், அம்மா வீட்டோடு இருக்கிறாள். வீட்டுக்காரரைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். "அவர் இல்ல அக்கா" என்றாள். கடல் கொண்டுபோயிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு மேலே கேட்கவில்லை. என்னைவிட எட்டு வயது சிறியவள். கோபம் வந்தால் என்னைப் போலத்தான், பொரிந்து தள்ளுவாள். அவள் ஊர் மீன் வியாபாரி ஒருத்தனை அவள் திட்டியதைக் கேட்டு நான் தண்ணீரில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். எங்கள் வாவியில் மீன் பாடும், வாங்க அக்கா, கேக்க வைக்கிறன் என்பாள். எங்க ஏரி மீன் பாடாது, வலையில மாட்டுச்சுன்னா திட்டத்தான் செய்யும் என்பேன்.

எனக்கு அக்கா தங்கை கிடையாது. கல்யாணமாகி வந்த ஊரில் எல்லோரும் உறவுதான், ஆனால் ஒருத்தியிடம் சொன்னது பொழுது சாய்வதற்குள் ஊர்க்கோடிக்குப் போய்விடும். இவளிடம் சொன்னது கடலைத் தாண்டிப் போகும், திரும்பி வராது. என் மகள் மேல் எனக்கிருந்த வருத்தம், என் உடம்புக் கோளாறு, வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்து போகிற எரிச்சல் எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன், பாதி நேரம் உறைந்து நிற்கும் முகம். அவள் உயரம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றால் என் தோளுக்கு வருவாளா, என்னைவிட உயரமா என்று இறால் தடவும்போதெல்லாம் யோசிப்பேன்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். வீட்டுக்காரர் ஒரு நாள் லீவு போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தபோது ஊரே கூடி நின்று, நான் எந்த நாட்டுக்கு ஓடப் போகிறேன் என்று கிண்டல் செய்தது. புத்தகம் வந்ததும் அதை முகர்ந்து பார்த்தேன். புதுப் பள்ளிக்கூடப் புத்தக வாசம். "வருவீங்கதானே அக்கா?" என்று அவள் ஒவ்வொரு அமாவாசையும் கேட்பாள். "பாக்கலாம் பாக்கலாம்" என்பேன். போக எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஆசையை வாய்விட்டுச் சொன்னால் அதுவும் கண் பட்டுக் கெட்டுப்போகும் என்ற பயம். பாஸ்போர்ட் வந்ததைக்கூட அவளிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

இனி என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். நாங்கள் ஐந்து பெண்கள் எண்ணுவோம். ஆளுக்குச் சில ஓடுகள். நான் எல்லாவற்றையும் கூட்டி அவளிடமும் டீச்சரிடமும் சொல்வேன். முதல் அமாவாசையன்றே நகம் நகமாகச் சிப்பிக் குஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்து எனக்கு உடம்பு புல்லரித்தது. அவ்வளவையும் சொல்லலாமா? யாராவது சொல்வார்களா? பக்கத்தில் படகில் போனவன், "இன்னா, சிப்பி ஒட்டிச்சா?" என்று கேட்டபோது, "ஏதோ கீது" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். டீச்சருக்கும் அப்படித்தான். நாற்பது என்றால் முப்பது. அறுபது என்றால் நாற்பத்தைந்து. பெரிதாக ஒன்றுமில்லை, கண் படாமல் இருக்கக் கொஞ்சம் குறைப்பு. நான் மட்டும்தான் குறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற நாலு பேரும் என்னிடம் சொல்லும்போதே ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. குறைத்த கணக்கை நான் மேலும் குறைத்திருக்கிறேன். சிப்பி பெருகப் பெருகப் பயமும் பெருகியது, குறைப்பும் பெருகியது.

டீச்சர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து தண்ணீரின் உப்பும் சூடும் பார்ப்பாள். சிப்பியை அவள் எண்ண மாட்டாள். நீங்கள் சொல்கிற எண்ணை மாற்ற மாட்டோம் என்பது வெள்ளைக்கார அம்மாவின் வாக்கு. அந்த வாக்கை அவர்கள் கடைசி வரை காப்பாற்றினார்கள். நாங்கள்தான் காப்பாற்றவில்லை.

இரண்டாம் வருட முடிவில் சமுதாயக்கூடத்தில் திரை கட்டி, வீடியோவில் மூன்று நாடும் பேசிக்கொள்கிற கூட்டம் வைத்தார்கள். திரையில் இரண்டு கோடு. ஒன்று மட்டக்களப்பு, படியேறுகிற மாதிரி மேலே போயிற்று. இன்னொன்று எங்களுடையது. தரையில் படுத்துக் கிடந்தது. வெள்ளைக்கார அம்மா பேசினார். முகத்துவாரம் மணல் அடித்து அடைவதால் இந்த ஏரியில் உப்பு நிலையாக இல்லை, அதனால் சிப்பி பிடிக்கவில்லை போலிருக்கிறது, உங்கள் உழைப்பில் குறையில்லை, நிலைமை அப்படி என்றார். மூன்றாம் வருட வேலை முழுவதும் வாவிப் பக்கம் நடக்கும். பயணமும் மாறுகிறது, நன்றாகப் பிடித்திருக்கிற வேறொரு நாட்டு ஏரிக்கும் வாவிக்கும் நடுவில்தான் இனி போக்குவரத்து. டீச்சர் இதைச் சொல்லி முடித்தபோது நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் அவள் முகம் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து சமைக்காமல் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குக் கிளம்பிய வீட்டுக்காரர் நின்று, "இன்னாமே, இன்னா ஆச்சு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். "எம்மாம் கொறைச்ச?" என்றார். "பாதிக்கு மேல இருக்கும்" என்றேன். "அடிப்பாவி. கடல்காரன்கிட்ட சொல்றத கம்ப்யூட்டர்காரன்கிட்ட சொல்லிக்கிறியே" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். பிறகு பாத்திரத்தில் இருந்த பழையதைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவளுக்குப் போன் செய்தேன். "தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். திட்டாத" என்றேன். "சொல்லுங்க அக்கா" என்றாள்.

"நான் கொறைச்சு சொன்னேன். ரெண்டு வருசமா. இங்க கொட்டிக் கெடக்குது சிப்பி. கண்ணு பட்டுடும்னு கொறைச்சேன். என்னாலதான் எல்லாம் பூடுச்சு."

"தெரியும் அக்கா" என்றாள்.

"இன்னாது?"

"நீங்க வாய்க்குள்ள எண்ணுவீங்க. எனக்குக் கேக்கும். ஒண்டு ரெண்டு எண்டு எண்ணிக்கொண்டு போவீங்க, மத்தவங்கட கணக்கையும் வாய்க்குள்ளயே கூட்டுவீங்க, கடைசியில எனக்கிட்ட சொல்லுற எண் வேறயா இருக்கும். மொத மாசமே விளங்கிட்டு."

எனக்குக் காது சூடாயிற்று. பறி கடித்துப் பழகிய வாய், பறி இல்லாவிட்டால் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. "தெரிஞ்சு ஏன்டி சொல்லல?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன். அவளைத் திட்டுவதற்கு எனக்கு என்ன உரிமை? இருந்தாலும் பாய்ந்தேன்.

"உங்கட ஏரி, உங்கட பயம். நான் எப்பிடி அக்கா காட்டிக் குடுக்கிற? எங்கட ஆக்களும் அப்பிடித்தான் குறைப்பாங்க. நான் மட்டுந்தான் குறைக்கிறதில்ல." அவள் குரல் தாழ்ந்தது. "சண்டை முடிஞ்ச நேரம் எங்கட சனத்த ஒருத்தரும் ஒழுங்கா எண்ணல்ல அக்கா. ஒருத்தர் ஒரு எண் சொல்லுவார், மத்தவர் அதுல பாதி சொல்லுவார். எங்கட அவர் அந்தக் குறைச்ச பாதிக்குள்ள போயிட்டார். செத்த ஆக்களிலயும் பேர் இல்ல, இருக்கிற ஆக்களிலயும் பேர் இல்ல. எத்தினையோ ஆபீசுக்குப் படத்தக் கொண்டு அலைஞ்சிட்டன். அதால எண்ணுறதெண்டா எனக்கு ஒண்டையும் விடேலாது. செத்துப்போன குஞ்சு ஓட்டுல ஒட்டியிருந்தாலும் அதையும் தனியா எண்ணி வைப்பன்."

அவர் இல்லை என்றாளே, நான் கடல் என்று நினைத்தேனே. இரண்டு வருடம் அவள் காதில் விழும்படி எண்ணி, எண்ணியதை மறைத்துக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டீங்களா அக்கா என்று கேட்டிருக்கிறாள். எனக்கு என் மேல் அவ்வளவு ஆத்திரம் அதற்கு முன் வந்ததில்லை.

விடிந்ததும் படகு பிடித்து, பழவேற்காட்டில் தங்கியிருந்த டீச்சரைப் போய்ப் பார்த்தேன். பஸ்ஸுக்குப் பெட்டியோடு நின்றிருந்தாள். சொன்னதும் பெட்டியைக் கீழே போட்டாள். "ஏன்க்கா? ரெண்டு வருஷங்க்கா! ஏன்?" என்றாள். "கண்ணு பட்டுடும்னு, டீச்சர்" என்றேன். டீக்கடைக்காரர் உட்பட அங்கே இருந்த நாலு பேரும் அது சரிதானே என்பது போல என்னைப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும்தான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு திரும்பப் படகில் ஏறினாள்.

அன்றைக்கே எல்லா மாலையையும் எடுத்து எண்ணினோம். வெள்ளைக்கார அம்மா போனில் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நாலு பெண்களும் முதலில் மாட்டேன் என்றார்கள். "இன்னா, பேஜார் புடிச்ச வேலையா கீது, அவ்ளோத்தையும் சத்தமா சொன்னா ஏரி இன்னா ஆவறது?" என்று ஒருத்தி என்னோடு சண்டைக்கே வந்தாள். "ஏரிக்கு ஒண்ணும் ஆவாது, சொல்லுடி" என்று நானும் கத்தினேன். அவள் ஒரு எண் சொல்வதும், ஏரியைப் பார்த்து மூன்று தடவை தூ தூ என்பதுமாக எண்ணி முடித்தாள். முடிந்தபோது எங்கள் எண்ணிக்கை வாவியின் எண்ணிக்கைக்குச் சளைத்ததாக இல்லை. வெள்ளைக்கார அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கடலில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் எங்கள் ஏரிக்கு வந்தவர். கோபமே படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கணக்கைத் திருத்திக்கொள்வதாகச் சொன்னார், திருத்தியும் விட்டார். எங்கள் மாலைகள் இருக்கும் இடத்தில் யாரும் வலை போடக்கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்திலும் பேசி முடித்தாயிற்று. ஆனால் மூன்றாம் வருடத்துக்கு யார் எங்கே போவது என்பது மூன்று நாட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு முடித்த விஷயம். விசா வாங்கிவிட்டார்கள், டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். அந்த வருடத்தோடு திட்டமே முடிகிறது. டீச்சர் எனக்காகப் பல பேரிடம் கேட்டாள் என்று தெரியும். எதுவும் நடக்கவில்லை. பஸ் போன பிறகு கை காட்டி என்ன பிரயோசனம்? சொந்தச் செலவில் போகலாமே என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டு நிலைமை தெரியாது.

அவள் அந்த வேறு நாட்டுக்குப் போய் வந்தாள். படங்கள் அனுப்பினாள். அந்த ஊர்ப் பெண் ஒருத்தியோடு தோளில் கை போட்டு நின்ற படத்தில்தான் அவள் உயரம் தெரிந்தது. குள்ளம். என் தோளுக்குத்தான் வருவாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொறாமை இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அவள் தோளில் கிடந்த அந்தக் கையை எனக்குப் பிடிக்கவே இல்லை.

திட்டம் முடிந்துவிட்டது. எண்ணச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அமாவாசைக் காலையில் அவள் கூப்பிடுவாள். நான் போனைக் கம்பில் கட்டுவேன். போன அமாவாசைக்கும் அப்படித்தான். நாலு பெண்களும் என்னோடு தண்ணீரில் இருந்தார்கள். நான் இப்போதெல்லாம் உரக்கவே எண்ணுகிறேன். படகில் போகிறவர்கள் இவளுக்குப் பித்து என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். என் எண்ணைச் சொன்னேன். அவள் எண்ணைச் சொன்னாள். ஊர்ப் பேச்சு, பிள்ளைகள் பேச்சு எல்லாம் முடிந்து, போனை வைக்கிற நேரத்தில் வழக்கம்போலக் கேட்டாள்.

"ஒருக்காவாவது வருவீங்களா அக்கா?"

பாக்கலாம் பாக்கலாம் என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"வரமாட்டேன் கண்ணு" என்றேன். "வரத்துக்கு வழி இல்ல. இருந்த வழியையும் நானே கெடுத்துட்டேன். ஆனா உன்ன பாக்கணும். ரொம்ப பாக்கணும்னு கீது. காலையில எழுந்தா அதான், தண்ணியில எறங்குனா அதான். உன்ன ஒரு தபா தொடாமயே செத்துப்பூடுவனோன்னு பயமா கீது. அவ்ளோதான். இதுல நான் ஒண்ணும் கொறைச்சுச் சொல்லல."

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிற்று. பிறகு அவள் அழுவது கேட்டது. நானும் அழுதேன், நாலு பேர் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல்.